கொரியன் வீட்டுக்கு அமெரிக்கச் சம்பந்தி

பரிமாறும் வேலையில் கால் நோகும் என்பார்கள். அதைவிட நோவது, கேட்டும் கேளாததுபோல நிற்க வேண்டிய காது. தட்டு ஏந்திப் பிழைத்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்த நான், சுவிஸின் பேர்ண் நகரில் ஹான் அம்மாவின் கொரியச் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருடமாக மேசை துடைக்கிறேன்.

தானே ஊற்றியவன்

ஹான் அம்மாவின் ஒரே மகள் மினா, தான் கட்டப்போகும் அமெரிக்கன் மார்க்கை ஒரு மதியம் அழைத்து வந்தாள். கொரியர் தங்கள் கிளாஸைத் தாங்களே நிரப்புவதில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஊற்ற வேண்டும். மார்க் பாவம், தாகம். தானே பியரை ஊற்றித் தானே குடித்தான்.

ஹான் அம்மா குசினிக்குள் வந்து முட்டைக்கோவாவை ஓங்கி ஓங்கி வெட்டினார். தட்டுக் கழுவும் யோகன், பேரன் கண்டவர், என் பக்கம் சரிந்தார். "தங்கச்சி, கோவாவுக்கே இந்த வெட்டெண்டால் மருமோனுக்கு என்ன விழப்போகுதோ!"

மெனுவில் இல்லாதது

அடுத்த கிழமை மார்க் தனியாக வந்தான். எதையோ வாசித்துவிட்டு, அமெரிக்க டின் இறைச்சியும் உறைப்புக் கோவாவும் சேர்த்துக் கொரியர் காய்ச்சும் குழம்பு வேண்டுமென்றான். நம் இரண்டு நாடும் ஒரே சட்டியில் வெந்த குழம்பு என்று சந்தோசமாகச் சொன்னான். அவன் மனதில் கள்ளமில்லை.

அமெரிக்கச் சிப்பாய்கள் போய்ச் சண்டையிட்ட கொரிய யுத்தத்தைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். படைகள் நகர்ந்த திசையெல்லாம் தெரியும். சட்டிக்குள் என்ன கிடந்ததென்று தெரியாது. ஹான் அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்து ஜேர்மன் மொழியில் சொன்னார்: "அது விற்கிற சாப்பாடு இல்லை, தம்பி. உங்கள் ராணுவ முகாமின் பின்வாசலில் நின்று என் அம்மா வாங்கி வந்த மிச்சம்."

ரிபன் கட்டிய பெட்டி

மார்க்கின் பெற்றோர் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். அன்றைய சாப்பாட்டில்தான் கலியாணம் தங்கியிருந்தது. ஹான் அம்மா இரண்டு கையாலும் ஒரு பெட்டியை நீட்டினார். பட்டு ரிபன். திறந்தால், வரிசையாகப் பன்னிரண்டு டின் பன்றியிறைச்சி. ஒருகாலத்தில் கிடைக்காத பொருளாயிருந்ததால், கொரியர் இன்றும் பெருநாளில் மதிப்பானவர்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள்.

மார்க்கின் தாய்க்கு அது எப்படித் தெரியும்? முகம் சுருங்கிப்போனது. மினாவின் கண் நிறைந்தது. சூப் கோப்பையோடு நான் சுவராக நின்றேன். அந்த மனிசி கணவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டா: "எங்களை ஏழைகள் என்று நினைத்துவிட்டார்களா?"

பொரித்த துண்டு

ஆங்கிலம் அவ்வளவு தெரியாத ஹான் அம்மாவுக்கும் அது விளங்கிவிட்டது. பெட்டியை மூடக் கை நீட்டினார். மார்க்கின் தகப்பன் அந்தக் கை எட்டுமுன் ஒரு டின்னை எடுத்துக்கொண்டார். "என் அப்பா உங்கள் நாட்டில் சிப்பாயாக இருந்தவர்," என்றார். "ஒரு வருடம் இதையே தின்றாராம். திரும்பி வந்தபிறகு இந்த டின்னை வீட்டுக்குள் விடவில்லை. நான் ருசி பார்த்ததேயில்லை. பொரித்துத் தருவீர்களா?"

மினா ஒவ்வொரு சொல்லாகத் தாய்க்குச் சொன்னாள். ஹான் அம்மா அடுப்பு மூட்டினார். சுடச்சுடச் சோறும் பொன்னிறத் துண்டுகளும் போயின. அந்த மனிசன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மார்க்கின் தாயும் ஒரு துண்டை எடுத்தா, பிறகு இன்னொன்றை. வெறும் தட்டோடு உள்ளே வந்த ஹான் அம்மா என்னிடம் சொன்னார்: "நாலு துண்டு, ரெண்டு கோப்பைச் சோறு. நல்ல குடும்பம். கலியாணத்தை மே மாதத்தில் வைப்போம்."

நாடுகள் சமாதானம் பேசிய மேசைகளையும் பிறகு எங்களைப்போல யாரோ ஒருத்திதான் துடைத்திருப்பாள்.