இரண்டு அடித்தால் வா

பத்தொன்பது வயதில் ஸ்கோவியா நம்பூசி, கம்பாலாவின் வண்டெகேயா முச்சந்தியில் மஞ்சள் குடை விரித்து, நிமிடக் கணக்கில் போன் வாடகைக்கு விட்டாள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பேசவே மாட்டார்கள். எண்ணை அழுத்தி, மணி அடிக்கவிட்டு, எதிர்முனை எடுப்பதற்குள் வைத்துவிடுவார்கள். கம்பாலாவில் அதற்குப் பீப் என்று பெயர்.

"ஏண்ணே, ஒரு வார்த்தையாவது பேசிட்டு வைக்கக் கூடாதா?"

"பெண்டாட்டிகிட்ட பேசினா சண்டை வரும், தங்கச்சி. ஒண்ணு அடிச்சா வந்து சேந்துட்டேன், சௌக்கியம். ரெண்டு அடிச்சா விஷயம் இருக்கு, வா. அவ திருப்பி ஒண்ணு அடிச்சா சரின்னு அர்த்தம். இதுக்கு மேல குடும்பத்துல என்ன பேச்சு வேணும்?"

ஊர் முழுக்க அதுதான் வழக்கம். சௌக்கியமும் சம்மதமும் காசில்லாமல் போய் வந்தன.

பழுதான மடிக்கணினி ஒன்றைத் தவணையில் வாங்கி, குடைக்கு அடியிலேயே அவள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். ஆறு வருடம் ஆயிற்று. பிறகு ந்டிண்டாவில், மருந்துக்கடை மாடியில் இயங்கிய சிறு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. போனிலும் கணினியிலும் செய்தி அனுப்ப 'முலங்கா' என்றொரு செயலியை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். முதல் மாதமே அவள் முதலாளி செர்வாதாவிடம் போய் நின்றாள்.

"பாஸ், இதுல பீப் இல்லையே."

"செய்தியே இலவசமா அனுப்பலாம். பீப் எதுக்கு, நியாபோ?" பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது.

"எழுதத் தெரியாதவங்க எதை அனுப்புவாங்க?"

செர்வாதா சிரித்தான். அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து தானே எழுதினாள். பட்டன் போனில் ஒரு தட்டு, ஒரு பீப். அதை வைத்துத்தான் முலங்கா சந்தைகளுக்குள் நுழைந்தது. செர்வாதா மேடைகளில் அதை 'என் யோசனை' என்றான். நிரலாளர் என்ற பெயரும் ஜன்னலோர மேசையும் அவளுக்குக் கிடைத்திருந்தன.

அவளுடைய அம்மா மித்யானாவுக்கு அப்பால் தனியாக இருந்தாள். காப்பிச் செடிகள், வாழைத்தோட்டம், நடுவில் சிமெண்டு பூசிய அப்பாவின் கல்லறை. அந்த நிலத்துக்குப் புதிதாக ஒரு பட்டாக்காரன் முளைத்திருந்தான். அவனுடைய தரகன் வீடு வீடாகக் காகிதத்தோடு அலைந்தான். கைநாட்டு வைத்தால், விருப்பப்பட்டுக் காலி செய்கிறோம் என்று பொருள்.

"எந்தக் காகிதத்துலயும் விரல வைக்காதம்மா. அவன் வந்தா முலங்காவுல ரெண்டு அடி. அன்னிக்கே பஸ் ஏறிடுவேன்" என்று சொல்லியிருந்தாள் ஸ்கோவியா.

"அவன் என்னை என்னடி பண்ணிடுவான்? ரெண்டு அடிச்சா நீ வருவே. அது போதும்."

மூன்று வருடம் கழித்துக் கணினிப் பதிப்பு தயாரானபோது ஒரு குறை வந்தது. போனில் போலவே ஒவ்வொரு பீப்புக்கும் திரையில் ஒரு பெட்டி குதித்தது. அலுவலகத்துக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள்.

"ஒரே ஆள் ஒரு நிமிஷத்துக்குள்ள எத்தனை அடிச்சாலும் ஒரே பெட்டியா காட்டு" என்றான் செர்வாதா.

"எத்தனைன்னு பக்கத்துல எண் போடட்டுமா, பாஸ்?"

"பாக்க அசிங்கமா இருக்கும். அடுத்த பதிப்புல பாப்போம்."

"சரி" என்றாள். அவள் மேசையிலும் பெட்டிகள் குதித்துக்கொண்டுதான் இருந்தன. எண்ணிக்கையைச் சேமிப்பில் மட்டும் விட்டுவிட்டு, 'எண் காட்ட வேண்டும்' என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். கச்சிதமான வேலை. பதினோரு வரிதான்.

அந்த வாரம் சோதனை வாரம். எல்லோருடைய போனையும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். ஐந்து நாளும் கணினியிலேயே பேச வேண்டும் என்பது விதி.

புதன்கிழமை முற்பகல் திரையின் ஓரத்தில் அம்மாவின் பெயர் ஒரு முறை எழுந்து அடங்கியது.

"உங்கம்மாதானே?" என்றான் பக்கத்து மேசை ஓஜோக். "எங்கம்மா பீப் அடிச்சா பணம் கேக்குறானு அர்த்தம். உங்கம்மா சும்மா சௌக்கியம் சொல்றா. அதிர்ஷ்டக்காரி நீ."

ஸ்கோவியா சிரித்தபடி திருப்பி ஒரு பீப் அடித்தாள். வியாழனும் வந்தது, வெள்ளியும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்று அடித்தாள். ஒரு பெட்டி என்றால் ஒரு பீப் என்று போனில் மூன்று வருடமாகப் பழகிய கண். அந்தப் பழக்கத்தைத் தன் கையாலேயே பொய்யாக்கியிருந்தது அந்த நிமிடம் அவள் நினைவில் இல்லை.

சனிக்கிழமை ரொட்டியும் சர்க்கரையும் சோப்பும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய முளைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. ஒரு முளை கல்லறையை ஒட்டி நின்றது. அம்மா வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன இது?"

"நீ சொன்னபடிதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"புதன்கிழமை தரகன் ஊர்த்தலைவனையும் கூட்டிக்கிட்டு வந்தான். ரெண்டு அடிச்சேன். நீ ஒண்ணு அடிச்சே. என் மகளுக்குச் சரியா புரியல, நாளைக்கு வான்னு அவனை அனுப்பிட்டேன். வியாழக்கிழமையும் ரெண்டு. நீ ஒண்ணு. வெள்ளிக்கிழமை ரெண்டு அடிச்சிட்டுக் கையில போனை வச்சிக்கிட்டே நின்னேன்." அம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "படிச்சவ, யோசிச்சுத்தான் சரிங்கிறான்னு விரல வச்சேன். உன்னைக் கேக்காம வைப்பேனாடி? மூணு நாள் கேட்டேன்."

ஸ்கோவியா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, நிமிடம், எண். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதை எழுதினது யாரு?"

திங்கள்கிழமை மித்யானா நில அலுவலகத்தில், சேமிப்பிலிருந்து அச்செடுத்த தாளை அதிகாரியின் மேசையில் வைத்தாள். அம்மாவின் எண்ணுக்கு நேரே மூன்று நாளும் இரண்டு, இரண்டு, இரண்டு. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ரெண்டுன்னா என்ன அர்த்தம், நியாபோ?"

"விஷயம் இருக்கு, வான்னு அர்த்தம், ஐயா. அம்மா விருப்பப்பட்டுக் கைநாட்டு வைக்கல."

"கீழே ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு இருக்கே, இது யாரு?"

"நான்."

"ஒண்ணுன்னா?"

அவள் தாளைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். திருப்பி அடிக்கும் ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று பீப் அடித்துப் பழகிய யாருக்கும் தெரியும். அதிகாரி தாளை மடித்துத் தரகனின் காகிதத்தோடு சேர்த்து நூலால் கட்டினார்.

"நல்லதாப் போச்சு. வாரிசான மகளும் சம்மதிச்சதுக்கு ஆதாரம் இல்லையேன்னு இருந்தேன்."

மறுநாள் அலுவலகத்தில் செர்வாதா அவள் மேசையைத் தட்டினான். "பெட்டி பத்தி ஒரு புகார்கூட இல்ல, நியாபோ. பிரமாதம்." அவள் எண் காட்டும் வரிகளை அன்றே எழுதி முடித்தாள். நாலு வரிதான் தேவைப்பட்டது. அது வெளியானபோது குறிப்பில் செர்வாதா 'தோற்றத்தில் சிறு மாற்றம்' என்று போட்டான்.

அம்மா இப்போது ப்வாய்ஸேயில் ஸ்கோவியாவின் ஒற்றை அறையில் இருக்கிறாள். பட்டன் போன் அலமாரி மேல் கிடக்கிறது. அவள் அதைத் தொடுவதில்லை. வெளியே போனால் வந்து சேர்ந்ததைச் சொல்ல ஸ்கோவியா இன்றும் ஒன்று அடிக்கிறாள். பதில் வருவதில்லை.