பதிப்பகத்தின் கடைசிப் புத்தகம்

ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் யாரோ தாள் வெட்டும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளில் நான் அங்கே டீச்சர். பக்கத்து பங்களாவில் வயதான பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இருந்தார். பாரிசில் அவர் தாத்தா தொடங்கிய பதிப்பகத்துக்கு அவர்தான் வாரிசு. அதை உதறிவிட்டுக் குருமடத்துக்குப் போனார். இவர் எழுதிய ஒரு கடிதத்துக்கும் அப்பா சாகும்வரை பதில் போடவில்லை. பதிப்பகம் தங்கையிடம் போனது.

அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களில் ஒரு கிறுக்கு வழக்கம். தாள்களை மடித்துத் தைத்து, மடிப்பை வெட்டாமலே விற்பார்கள். படிப்பவர்தான் கத்தியால் வெட்டி வெட்டிப் படிக்க வேண்டும்.

"காசும் கொடுத்து வேலையும் நாமே செய்யணுங்களா?" என்று கேலி செய்வேன். பாதிரியார் சிரிப்பார்.

பதிப்பகத்தை மூடியபோது, அதன் வரலாற்றையே கடைசிப் புத்தகமாக எழுதி அச்சிட்டு அனுப்பினார் தங்கை. அது வந்த மழைக்காலத்திலேயே பாதிரியார் இறந்துபோனார்.

அவருடைய புத்தக அலமாரியைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. "ஏனுங்க டீச்சர், மடிப்புக்குள்ள பூச்சி நொம்ப ஏறிக் கெடக்குதுங்க. வெட்டி உதறி வெயில்ல போட்டுருங்க" என்றார் பாதிரியாரின் சமையற்கார அம்மா. எனக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். மூன்று நாள் அவரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே, மடிப்பு தட்டுப்பட்ட இடமெல்லாம் வெட்டித் தள்ளினேன். எந்தப் புத்தகத்தில் எத்தனை வெட்டினேன் என்று கவனிக்கவேயில்லை.

அடுத்த கோடையில் அந்தத் தங்கை வந்தார். எழுபது வயதிருக்கும். எனக்குப் புரியும்படி நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். அண்ணன் எழுதிய கடிதங்களை அப்பாவின் கண்ணில் படாமல் மறைத்தது அவர்தானாம். பதிப்பகத்தின் மேல் அவ்வளவு ஆசை. அதை அந்தக் கடைசிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தாராம்.

"அண்ணன் எந்தப் பக்கம்வரை வெட்டியிருந்தார்?"

இதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"எல்லாப் பக்கமும் வெட்டித்தான் இருக்கிறது" என்றேன். பாதியாவது பாதிரியாரே வெட்டிப் படித்திருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

புத்தகத்தை வாங்கித் தாள் ஓரங்களை விரலால் தடவினார். அச்சுக்கூடத்திலேயே வளர்ந்த விரல்; வெட்டின தடத்தை வைத்தே கை மாறியதைச் சொல்லிவிடும். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அவசரமில்லாமல் போனது.

"ஒரே கை" என்று அழுதார். "முதலிலிருந்து முடிவுவரை ஒரே கை, ஒரே கத்தி. முழுக்கப் படித்திருக்கிறார்."

அதில் சில தாள்களையாவது வெட்டியது என் கை; அப்படியென்றால் முதல் தாளும் நான் வெட்டியதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிரியார் அந்தப் புத்தகத்தைத் தொடவேயில்லை.

அந்தத் தங்கை நன்றி சொல்லி, கத்தி பிடித்த என் வலது கையைப் பிடித்து முத்தமிட்டார்.