அம்மாவின் முழங்கால் வலி

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் எண்ணெய் முழுக்கு. லண்டனில் நாங்கள் இருந்த கோலியர்ஸ் வுட் பனியில் விறைத்துக் கிடந்தாலும் சரி, ஹீட்டர் மக்கர் பண்ணினாலும் சரி, அம்மா விடமாட்டார். என்னைக் குனியச் சொல்லி, எண்ணெய்க் கையோடு கழுத்திலிருந்து இடுப்புவரை முள்ளந்தண்டின் ஒவ்வொரு எலும்பையும் பெருவிரலால் தடவிக்கொண்டு இறங்குவார். எனக்குக் கூச்சம் தாங்காது, நெளிவேன், கத்துவேன். அக்காவுக்கும் முன்பு இதே கதிதான். அவள் பெரியபிள்ளையான பிறகு குளியலறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு தானே முழுகத் தொடங்கினாள். என்ன அநியாயம் என்று எனக்கு ஒரே பொறாமை.

அதற்குப் பிறகு அக்கா மளமளவென்று வளர்ந்தாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்து நர்ஸ் பிள்ளைகளைக் குனியவைத்துப் பார்த்தபோது, அவளுடைய முதுகில் வலப்பக்கம் மட்டும் மேடாக எழும்பி நின்றதாம். ஆஸ்பத்திரிக்குக் குடும்பத்தோடு போனோம். முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைகிறது, வளருகிற வயதில்தான் அது விரைவாகக் கூடும் என்றார் டொக்டர். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கவசத்தை இரவும் பகலும் போடவேண்டும். போடாமல் வளைவு கூடினால் முதுகைத் திறந்து கம்பி வைக்கவேண்டி வரலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தன்னுடைய முதுகைத் திறக்கப்போகிற கதையை அக்காவே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இது பரம்பரையாகவும் வருவதுண்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். அக்கா வாயைத் திறக்க முன்னமே அம்மா "நோ" என்றார். அந்த ஒரு கேள்வி மட்டும் அவருக்கு எப்படி விளங்கியதோ! அப்பா சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

பஸ்ஸில் வரும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் அந்தப் புத்தகப் பையாலதான். ஒரு தோளில கொழுவாத எண்டு எத்தினை தரம் சொன்னன்? ரிவி பாக்கேக்க கோணலாப் படுக்காத எண்டு சொன்னனா இல்லையா? வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. நாளைக்குக் கலியாணம் பேசேக்க எலும்பில குறை எண்டு கதை கட்டிவிடுவினம்."

கவசம் வந்தது. அக்கா அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். நான் இழுத்து எடுத்துக் கொடுத்தால், "எனக்கு மட்டும்தான் கோணல். நானே தேடின வினை. விடடி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். எனக்கோ அவள் முதுகில் கம்பி வைக்க விடுவதாக இல்லை. டொக்டர் என்றால் சும்மாவா கேட்பார்? எங்கள் ஆட்களில் யாரோ ஒருவருக்கு இருந்தே ஆகவேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடித்து அக்காவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது என்று முடிவு கட்டினேன். ஒன்பது வயதில் எனக்குப் பிடிவாதத்துக்கு மட்டும் குறைவில்லை.

அதற்குத் தோதான இடம் கோயில்தான். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் முழங்காலிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்து கும்பிடுவார்கள். நான் பின்னால் நின்று முதுகு முதுகாகப் பார்த்தேன். சின்னம்மா நேர். பெரியம்மா நேர். மாமியின் முதுகில் மேடு எது பள்ளம் எது என்று கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை; அவ்வளவு விசாலம். குனியாமல் நின்றது ஒரே ஒரு ஆள். சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்துக்கொண்டு, கைகூப்பியபடி அம்மா நின்றார். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறைத் தரையில் குந்தியிருந்து தேங்காய் துருவினார். சட்டென்று எழும்பினார், திரும்பவும் குந்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா, உங்களுக்குக் கோயில்ல மட்டுமோ முழங்கால் நோகிறது?"

அம்மா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். மேசையடியில் இருந்த அப்பா தலையைத் தூக்காமலே அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "சொல்லிவிடுமப்பா. பிள்ளை பாவம்."

அம்மா கையைக் கழுவிவிட்டு நேரே அக்காவின் அறைக்குப் போனார். நானும் ஓடினேன். கட்டிலுக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைப்பை எடுத்துப் போட்டுவிட்டுக் குனிந்தார். சட்டைத் துணிக்குக் கீழே வலப்பக்கம் மேடாக எழும்பி நின்றது. அக்கா எழும்பி உட்கார்ந்தாள். கையை நீட்டி அந்த மேட்டைத் தொட்டாள்.

"பையும் இல்லை, ரிவியும் இல்லை," என்றார் அம்மா, குனிந்தபடியே. "என்னட்டை இருந்துதான் வந்தது. பொய் சொல்லிப்போட்டன். இனிச் சொல்ல மாட்டன்."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் துப்பறிந்த பெருமையில் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா கட்டிலுக்குக் கீழே கையை விட்டுக் கவசத்தை இழுத்தாள்.

"வாடி, இந்தப் பட்டியைப் பிடி. நல்லா இறுக்கு. இன்னும் இறுக்கு!"

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அம்மா யாருடைய மொழிபெயர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. நெஞ்சைத் தொட்டு, "மீ. மீ ஆல்சோ," என்றார். டொக்டர் எழுதிக்கொண்டே ஏதோ சொன்னார். அக்கா அதை அம்மாவின் காதுக்குள் சொன்னாள். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் ஏன் பார்த்தார்கள் என்று விளங்காமல் நான் பல்லைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவின் பெருவிரல் இன்னும் மெதுவாக இறங்கியது. சில வருஷங்கள் போயின. நானும் உயரத் தொடங்கினேன். கதவைப் பூட்டிக்கொண்டு முழுக எனக்கும் வயது வந்துவிட்டது என்று எவ்வளவோ சண்டை போட்டேன். "பூட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. குனி," என்றார் அம்மா. ஒரு சனிக்கிழமை அந்தப் பெருவிரல் என் முதுகின் நடுவில் நின்றது. மேலே போனது. திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

"கூசுதம்மா!"

"இன்னொருக்காக் குனி." பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "திங்கக்கிழமை நீ பள்ளிக்கூடம் போகவேண்டாம்," என்றார் அம்மா. "நான் வேலையில ஷிப்ட் மாத்துறன். இந்த முறை பிந்த விடமாட்டன்."

எதற்கென்று நான் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை எனக்குக் கணக்குச் சோதனை. எண்ணெய் வழிய வழியக் குளியல் தொட்டிக்குள் நின்று குதித்தேன்.