செம்பில் வைத்த விரல்

எங்கள் பக்கம் கலியாணத்தோடு வீடு மகளுக்கு. பெற்றவர்கள் பின்வளவில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் மனைவியின் தகப்பனும் அப்படித்தான் போனார். மாமி செத்த பிறகு தனியே இருந்தவரைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. வலப்பக்கம் அசையாது, பேச்சும் இல்லை. மனைவிக்குக் களுவாஞ்சிக்குடியில் வேலை. முன்னறையில் ரேடியோவும் போனும் திருத்திக்கொண்டிருக்கும் மருமகன் நான்தான் பகலில் அவருக்குத் துணை.

நடமாடிய காலத்தில் என் முன்னால் வெறும் மேலோடு நிற்கக்கூடக் கூச்சப்பட்டவர் மாமா. மூத்திரம் முட்டும் நேரத்துக்குப் போய்ச் சலப் போத்தலைப் பிடித்தால் அவர் மானம் தப்பும். பிந்தினால் அவருடைய இடுப்புச் சாரத்தை நான் அவிழ்த்து மாற்ற வேண்டும். மணி சுவிட்சை அழுத்த இடக்கையில் பலமும் இல்லை.

அதனால் தொட்டாலே அடிக்கிற ஒன்றைச் செய்தேன். ஒரு பலகையில் இரண்டு செம்புத் தகடு, நடுவே நூலளவு இடைவெளி. விரல் இரண்டிலும் பட்டால் தோல் வழியாகத் துளி மின்னோட்டம் போகும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி, என் மேசையில் இருக்கும் பசரை அடிக்க வைக்கும். நான் தொட்டேன், அலறியது. மாமாவின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன், அப்போதும் அலறியது. பெரிய விண்ணன் என்ற நினைப்பு எனக்கு.

பிறகு பார்த்தால், பசர் அடிக்கும், ஓடுவேன், சாரம் நனைந்திருக்கும். மறுநாளும் அதே கூத்து.

"என்ன மாமா இது? சலம் முடுக்கக்குள்ளயே தொடச் சொன்னன்தானே. எல்லாம் முடிஞ்ச பொறகு அடிச்சு என்ன செய்யிற?"

அவர் சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

"இஞ்சேருங்க, ஏலாத மனிசன். ஏசாதீங்க" என்றாள் மனைவி.

"நான் ஆசைக்கா ஏசுறன்? வேணுமெண்டு செய்யிறார்" என்றேன். வேணுமெண்டு! அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் காலை கஞ்சி கொண்டு போனேன். மாமா விரலைச் செம்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எடுப்பார், வைப்பார், திரும்பத் தேய்ப்பார். கண் சன்னல் வழியே முன்வீட்டுப் பக்கமே இருந்ததால் வாசலில் நின்ற என்னைக் காணவில்லை. பசர் சத்தமே இல்லை. எனக்கு விளங்கவில்லை, மரம் மாதிரி நின்றேன். அதற்குள் சாரம் நனைந்தது. அதே கையால் அவசரமாய்ச் சாரத்தைச் சுருட்டி மறைக்கப் பார்த்தார். முடியாமல் அந்த ஈரக் கையைத் திரும்பவும் செம்பில் வைத்தார். முன்னறையில் பசர் அலறியது.

ஐயோ கடவுளே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

வாவியில் வீச்சுவலை இழுத்து இழுத்துக் காய்த்த விரல் அது. படுக்கையில் கிடந்து வறண்டும் போயிருந்தது. அந்தத் தோலுக்குள்ளால் போன மின்னோட்டம் டிரான்சிஸ்டருக்குப் போதவில்லை. என் விரலில் எந்நேரமும் வியர்வை. முதல் நாள் அவர் விரலைப் பிடித்தபோது என்னுடையதும் செம்பில் பட்டிருக்கும், நான் கவனிக்கவில்லை. உப்பு ஈரம் பட்டால்தான் அவர் விரலுக்கு மணி அடித்தது. அவருக்கு அந்த ஈரம் வந்ததோ எல்லாம் போன பிறகு. அஞ்சு சதத்து ரெசிஸ்டரையும் மீற்றரில் அளக்காமல் பூட்டாதவன் நான். மாமாவின் விரலை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாரத்தை மாற்றிவிட்டு, உடனேயே இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்த்தேன். என் வெடித்த குதிக்காலைச் செம்பில் வைத்துப் பார்த்தேன். அதற்கும் அடித்தது. பலகையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"பிழை உங்களுல இல்ல மாமா, இதுலதான். இப்ப சரி. ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

தொடவில்லை. நான் அவர் கையைப் பிடிக்கக் குனிந்தேன். ஏசப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். கையை அவசரமாய் இழுத்து, சாரம் காய்ந்துதான் இருக்கிறது என்று எனக்குத் தடவித் தடவிக் காட்டினார்.