ராஜமுந்திரி தாண்டாத ரயில்

பாண்டிச்சேரியில் சாரம் பகுதியில் நான் வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. மகள் படிக்க பெங்களூர் போன அன்று, அவள் ரயில் எங்கே போகிறது என்று காட்டும் இணையதளம் ஒன்றை என் போனில் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் கீழே வேறு ரயில்களின் பெயர்களும் இருந்தன.

அசாமிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் நாள்கணக்கில் ஓடும் ரயில் ஒன்றை அப்படித்தான் பிடித்தேன். நாலு மணி நேரம் தாமதம். பத்து நிமிடம் கழித்து அழுத்தினால் நாலே கால். இன்னொரு முறை அழுத்தினால் மூன்று ஐம்பது. சில நேரம் எண் மாறவே மாறாது. எப்போதும் மாறியிருந்தாலோ, ஒருபோதும் மாறாமல் இருந்தாலோ ஒரே வாரத்தில் விட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடையில் ஒரு நாள், கண் பரிசோதிக்க வந்த அம்மா ஒருவர் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனை பிரேமை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இத கழட்டலாமா? மூக்கு வலிக்குது."

அவர் அப்படி உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

விடுமுறைக்கு மகள் வந்தாள். காலையில் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் ரயில் சரியான நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஓடும் ரயிலில் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் அசாம் ரயிலுக்குப் போனேன். அது தாமதத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. போன் அடித்தது; மகள்தான்.

"அத்தா, எங்க இருக்கீங்க?"

"இன்னும் ராஜமுந்திரி தாண்டலம்மா."



"நான் பாண்டி ஸ்டேஷன்ல அரை மணி நேரமா நிக்கிறேன்."

நான் சட்டைகூட மாற்றாமல் போனபோது, அவள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல யாரு வராங்க?"

"யாரும் இல்ல."

ஸ்கூட்டரில் வழி முழுக்க என் போன் அவள் கையிலேயே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது போனைக் கேட்கலாமா என்றும் தோன்றியது. கேட்கவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி திட்டவில்லை. "யாரும் வரலன்னா எதுக்குங்க பாக்குறீங்க?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மகளிடமிருந்து போனை வாங்கி அவளிடமே கொடுத்தேன். 

அன்றிலிருந்து என் போன் பகலெல்லாம் மனைவியிடம் இருக்கிறது. கடைக்குப் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று. முதல் வாரம் அதையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். மணி மட்டும் காட்டியது.

விடுமுறை முடிந்து மகள் கிளம்பினாள். மறுநாள் மனைவி கடைக்குப் போன் செய்தாள்.

"பொண்ணு போய் சேந்துட்டா."

"எவ்ளோ லேட்டு?"

"அதெல்லாம் கேக்கலங்க. சேந்துட்டா, அவ்ளோதான்."

சரி என்று வைத்துவிட்டேன். எப்படியும் பதினேழு நிமிடமாவது இருக்கும்.