ஒட்சிசனுக்கு எதிரே ஒட்சிசன்

விதி இதுதான்: ஓர் ஒட்சிசன் அணுவும் இன்னோர் ஒட்சிசன் அணுவும், கொடுப்பதற்கு நடுவே ஓர் ஐதரசன் இல்லாதபோது, மூன்று அங்ஸ்ரொம் இடைவெளிக்குள் ஒன்றையொன்று முகம் பார்த்து நிற்கலாகாது. ஒரு மில்லிமீற்றரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் அங்ஸ்ரொம். இரண்டு ஒட்சிசனும் வாங்குகிறவை. கொடுக்கிற ஆள் இல்லாத இடத்தில் வாங்குகிறவர்கள் மட்டும் கைநீட்டிக்கொண்டு நெருங்கி நிற்பதை நான் அரசாங்கக் கந்தோர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். புரதங்களில் அது நடப்பதில்லை.

அந்த விதியை மீறிய ஒரு வரியை, மன்னார்ப் பள்ளிமுனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் பெறாமகளின் மடிக்கணினியில்தான் கண்டேன். போர் முடிந்து, நாங்கள் ஊருக்குத் திரும்பி, கூரைத் தகரத்தைக் காற்று தூக்காதபடி கல்லும் மண்மூட்டையும் ஏற்றிவைத்திருந்த காலம்.

பெறாமகள் என் மனைவியின் தமக்கையின் மகள். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே பட்டம் பெற்று, முப்பது வயதில் திரும்பி வந்து, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவள். சாதாரண நேரங்களில் எங்களைப் போலப் பேசுவாள். கோபம் வந்தால் முகாம் தமிழ் வந்துவிடும். ஒட்சிசனை மட்டும் கோபம் இல்லாதபோதும் ஆக்சிஜன் என்றுதான் சொல்லுவாள்.

எனக்கும் ஒருகாலத்தில் அந்தத் துறையோடு பழக்கம் இருந்தது. புலமைப்பரிசிலில் வெளிநாடு போய், எக்ஸ் கதிர் கொண்டு உப்புக்கல் போன்ற பளிங்குகளின் உள்ளே அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்கப் படித்து வந்தேன். வந்தபோது அந்தக் கருவியை வாங்குவதற்கான விண்ணப்பக் கோவை எங்கள் ஆய்வுகூட மேலதிகாரியின் மேசையில் இருந்தது. நான் ஓய்வு பெற்றபோதும் அது அங்கேயே இருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் நான் தேங்காய் எண்ணெயையும் கசிப்புச் சாராயத்தையும் பகுத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புரதம் என்பது மடிந்து சுருண்ட நீண்ட சங்கிலி. அந்த மடிப்புகளுக்குள் ஒரு குழி இருக்கும். லிகண்ட் என்று சொல்லப்படும் சிறு மூலக்கூறு ஒன்று அதற்குள் போய் ஒட்டிக்கொண்டால் புரதத்தின் வேலை நின்றுவிடும். பல மருந்துகளின் கதை இவ்வளவுதான். எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருக்கத்தில் தொடுகிறது என்று பார்த்து, இன்னும் இறுக்கமாக ஒட்டக்கூடிய புதிய மூலக்கூறுகளைச் செய்வது அவள் வேலை. அடிப்படைப் படம் அவளுடையதல்ல. வெளிநாட்டுப் பெரிய ஆய்வுகூடமொன்று எடுத்து, எல்லோருக்கும் பொதுவான தரவு வங்கியில் வைத்திருந்தது.

மூன்று வருடமாக அவள் செய்த மூலக்கூறுகளில் ஒன்றுகூட ஒட்டவில்லை. அவளுடைய மேற்பார்வையாளர், “ஆய்வுகூட வேலையில் கைத்திறன் போதாது” என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிட்டார். மார்கழியில் சபை கூடும்போது காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் இன்னும் ஒரு வருடம் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஆடிச் சோளகக் காற்று அடிக்கிற நாட்களில், இரண்டு நாள் லீவில், பேயறைந்த முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நான் எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிறவன். அவளுடைய தொடுகைப் பட்டியலையும் அப்படித்தான் வாசித்தேன்.

“பிள்ளை, இது என்ன? ஒட்சிசனுக்கும் ஒட்சிசனுக்கும் ஐதரசன் பிணைப்பு எண்டு கிடக்கு. ஆர் குடுக்கிறது, ஆர் வாங்கிறது?”

“புரோகிராம் தூரத்தை மட்டும்தான் பாக்கும் சித்தப்பா. மூண்டரைக்குள்ள வந்தால் பிணைப்பு எண்டு போட்டிடும்.”

“அப்ப அதுவும் எங்கட நிவாரணப் பதிவு மாதிரித்தான். வேலிக்குள்ள நிண்டவன் எல்லாம் ஒரே குடும்பம்.”

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். லிகண்டின் தலையில் கவட்டைத் தடி போல இரண்டு கொம்புகள். ஒன்று ஒட்சிசன், வாங்குகிறது. மற்றது நைதரசன், தன்னிடமுள்ள ஐதரசனைக் கொடுக்கக்கூடியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்த இரண்டும் ஒரே மாதிரியான மேகமாகத்தான் தெரியும். எது எது என்று படம் சொல்லாது. சுற்றியிருக்கிற புரதத்தின் அணுக்களைப் பார்த்து, கொடுக்கிறதற்கு எதிரே வாங்குகிறதை வைக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் முதல் மாதமே சொல்லித்தருவது. முதல் மாதமே சொல்லித்தருவதை யாரும் பிறகு சரிபார்ப்பதில்லை. கணினி முதலில் வைத்த பக்கமே நிலைத்துவிடும்.

“ரெண்டு பேரும் சாப்பிட்டுப்போட்டுப் பிணைப்புப் பாருங்கோ. மீன் ஆறுது,” என்றாள் மனைவி குசினியிலிருந்து.

பெறாமகள் அந்தத் தலையை மட்டும் திரையில் அரைச் சுற்றுத் திருப்பினாள். புரதத்தின் ஒட்சிசனுக்கு எதிரே நைதரசன் வந்தது. புரதத்தின் நைதரசனுக்கு எதிரே ஒட்சிசன் வந்தது. கொடுக்கல் வாங்கல் ஒழுங்காகிவிட்டது. பிறகு அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். பழைய படத்தில் நைதரசனுக்குப் பின்னால் வெட்டவெளி இருந்தது. அதை நம்பித்தான் தன் மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் அவள் நைதரசனிலிருந்து ஒரு வாலை நீட்டியிருந்தாள். திருப்பிய படத்தில் நைதரசனுக்குப் பின்னால் இருந்தது சுவர்.

“அப்ப நான் மூண்டு வருசமாச் சுவருக்குள்ள வாலை இடிச்சிருக்கிறன்,” என்றாள். பிறகு, “என் கைதான் சரியில்லன்னு எழுதிட்டாரு அந்த ஆளு. எழுதிட்டாரு சித்தப்பா,” என்றாள்.

மீன் ஆறித்தான் போனது.

இப்படியான சந்தர்ப்பத்துக்கு முறை ஒன்று உண்டு. படத்தை வைப்பிலிட்டவர்களுக்கு எழுத வேண்டும். அவர்கள் பார்த்து, ஏற்றுக்கொண்டு, திருத்த வேண்டும். அதுவரை அது அவர்களுடைய படம். கடிதத்தை நானே எழுதினேன். ஏழு பந்திகள், இரண்டு இணைப்புகள், நியாயமான கால அவகாசம் பற்றிய ஒரு வாக்கியம்.

“நாலு வரி காணும் சித்தப்பா. ஆக்சிஜன் திரும்பி இருக்கு, பாருங்கோ எண்டு எழுதினால் விளங்கும்.”

“நாலு வரி எழுதினால் மதிக்க மாட்டினம்.”

“எனக்குக் கலியாணத்துக்கு முதல் எழுதின கடிதங்கள் எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு நீளம் வராது,” என்றாள் மனைவி. “அதுக்கும் ரெண்டு இணைப்பு வைச்சிருக்கலாம்.”

வீட்டில் இணைய வசதி இல்லை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிக்கேசன் கடை இருந்தது. கடைக்காரர் முசலிப் பக்கத்துக்காரர். போர்க்காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கடையைப் போட்டிருந்தார். அங்கிருந்துதான் கடிதத்தை அனுப்பினேன். பிறகு தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். காலையில் ஒருதரம். சில நாட்களில் பின்னேரமும். வீதி நடுவில் கழுதைகள் அசையாமல் நிற்கும். மணி அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்கா. அவற்றின் நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இண்டைக்கும் ஒண்டும் வரல்ல சேர்,” என்பார் கடைக்காரர், நான் சைக்கிளைச் சாத்துவதற்கு முன்பே. ஒருநாள், “உங்கட கடிதத்தை இன்னும் வாசிச்சு முடிக்கல்ல போல,” என்றார்.

அந்த வருடங்களில் ஊரே ஏதாவது ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது. கடற்படை இருந்த காணி விடுபடுமா, வீட்டுத்திட்டத்தில் பெயர் வருமா, வள்ளத்துக்கு அனுமதி கிடைக்குமா. பக்கத்து வீட்டுப் பெண் காணாமல்போன தன் மகனைப் பற்றி முறைப்பாடு கொடுக்காத இடமில்லை, எழுதாத ஆளில்லை. மடித்த பத்திரங்களை எங்கள் மேசையில் விரித்து, அடுத்ததை யாருக்கு எழுதலாம் என்று கேட்பார். நான் எழுதிக்கொடுப்பேன். எல்லா முறையும் எனக்குத் தெரியும். அவர் முன்னால் மட்டும் என் கடிதத்தைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. ஓர் ஒட்சிசனுக்காகப் பொறுமை இழப்பது அவருடைய முகத்துக்கு முன்னால் செய்யக்கூடிய காரியமல்ல. ஆனால் பொறுமை இழந்துகொண்டுதான் இருந்தேன். இருந்த கதிரையில் இருக்க முடியவில்லை. கீரிக் கடற்கரை வரை காரணமில்லாமல் சைக்கிள் ஓடி, இறங்காமலே திரும்பி வந்தேன்.

சிக்கல் கடிதத்தில் மட்டும் இல்லை. பெறாமகளிடம் அந்தப் புரதம் ஒரே ஒரு சோதனைக்குத்தான் மிச்சம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறைபனியில் வைத்து வந்த குப்பியின் அடியில் மிஞ்சிய துளி. மின்சாரம் போகும்போதெல்லாம் குளிர்பெட்டியின் கதவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னாள். மேற்பார்வையாளர் நைதரசனில் இன்னும் நீளமான வால் வைத்த புதிய மூலக்கூறுக்கு அதை ஒதுக்கச் சொல்லியிருந்தார். திரும்பிய படத்தை அவரிடம் காட்டினாளாம். “வைப்பிலிட்ட படத்தைத் திருத்த நீ யார்?” என்று கேட்டாராம். முதல் வருடத்தில் அவள் வேறு மாதிரி ஒன்று செய்திருந்தாள். வால் தலையில் இல்லை, மறுமுனையில். அவர் விரும்பாததால் சோதிக்கப்படாமல் ஒரு போத்தலில் அலுமாரி மூலையில் கிடந்தது. திரும்பிய படம் சரியென்றால், தலை சுவரில் இடிக்காமல் உள்ளே போய் ஒட்ட வேண்டியது அதுதான். தவறென்றால் புரதமும் போய், பதிவும் போய்விடும்.

வாடைக்காற்று தொடங்கியபோது ஒரு பின்னேரம் தொலைபேசியில் அழைத்தாள்.

“சித்தப்பா, புரதத்தை நாளைக்கு எடுக்கிறன்.”

“எதுக்கு?”

“மூலைப் போத்தலுக்கு.”

“மேற்பார்வையாளருக்குச் சொன்னனியே?”

“இல்லை.”

“பதில் வரட்டும் பிள்ளை. அவை ஒத்துக்கொண்டால் ஒருத்தரும் உன்னைக் கேள்வி கேக்கேலாது. அதுதான் முறை.”

“வராட்டி?”

“நினைவூட்டல் ஒண்டு அனுப்புவம்.”

“புரதத்துக்கும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கோ, அதுவரைக்கும் பழுதாகாமல் இருக்கச் சொல்லி.”

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, “நீ எடடி பிள்ளை. சித்தப்பா இஞ்ச இருந்து கடிதம் எழுதட்டும்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் முழுவதும் மழை. சைக்கிளில் போக முடியவில்லை. கூரையில் ஒழுகிய இடத்துக்குக் கீழே வாளியை வைத்தேன், பிறகு நகர்த்தினேன், பிறகு பழைய இடத்திலேயே வைத்தேன். அவள் அழைக்கவில்லை. நான் அழைத்தபோது பதிலில்லை. சோதனை தோற்றால் யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. படம் பிழையா, அவள் கை பிழையா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு துளி இல்லை.

அதற்கடுத்த நாள் காலையில்தான் அழைத்தாள்.

“ஒட்டுது.”

“எவ்வளவு?”

“கனக்க இல்லை. ஆனால் ஒட்டுது. துளியை மூண்டாப் பிரிச்சுச் செய்தனான். மூண்டும் ஒண்டைத்தான் சொல்லுது.” பிறகு குரல் மாறியது. “என் கை நல்லாத்தான் இருக்கு சித்தப்பா.”

மேற்பார்வையாளர் ஒரு கிழமை கோபமாக இருந்தார். அதற்குப் பிறகு கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசும்போது “நாங்கள்” என்று சொல்லத் தொடங்கினார். இதற்கும் ஒரு முறை உண்டு, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் பின்பற்றுவது. மார்கழிச் சபையில் ஒருவர், வைப்பிலிட்டவர்களின் சம்மதம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவள் பழைய படத்தையும் திருப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டுக்கும் தொடுகைப் பட்டியலை வாசித்திருக்கிறாள். முன்வரிசையில் இருந்த வயதான பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, “ஒட்சிசன் ஏன் ஒட்சிசனைப் பார்த்துக்கொண்டு நிக்குது?” என்று கேட்டாராம். அதோடு சரி. ஒரு வருடம் கொடுத்தார்கள். புதிய புரதத்துக்கும் எழுதினார்கள்.

என் கடிதம் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் நான் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். பிறகு இன்னொன்று, முந்தையதைச் சுட்டிக்காட்டி.

கடைசியில் வந்த பதில் மூன்று வாக்கியங்கள். நீங்கள் சொல்வது சரி, அந்தப் பகுதியைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். அதைச் செய்தவர் இப்போது எங்களிடம் இல்லை. திருத்திய படத்தைத் தரவு வங்கிக்கு அனுப்பிவிட்டோம். கடைக்காரர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “நல்ல செய்தியா சேர்?” என்று கேட்டார். ஓம் என்றேன். அங்கே நின்றபடியே பெறாமகளுக்கு அழைத்து வாசித்தேன்.

“ஆக்சிஜனை எந்தப் பக்கம் போட்டிருக்கினம்?”

“நீ போட்ட பக்கம்.”

அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“சரி சித்தப்பா. புதுப் புரதம் வந்திருக்கு, வைக்கிறன்,” என்றாள்.

நான் காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் வைத்த சாம்பலோடு நேரே கடைக்கு வந்திருந்தேன். அன்று விபூதிப் புதன், பிழைகளை ஒத்துக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்குகிற நாள்.