‘வந்து சேர்ந்தது’ என்று சொல்வதற்கு முன்

அரியலூர் கிளையில் பிரிண்டர் ஓடவில்லை என்று என்னைப் பெரம்பலூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நான் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். பெரம்பலூரில் தலைமையிடம், அரியலூரில் கிளை. பி.சி.ஏ. முடித்துவிட்டுச் சேர்ந்த எனக்குக் கணினி சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் என்றால் பெரும்பாலும் டோனர் மாற்றுவதும் வயரைப் பிடுங்கிச் சொருகுவதும்தான்.

பிரிண்டருக்குள் சிக்கியிருந்த தாளை உருவிக்கொண்டிருந்தபோது கவுன்ட்டரில் ஒரு குரல் உயர்ந்தது.

“அப்ப எங்கதான் போச்சு? அதையாவது சொல்லுங்க.”

ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வந்த அம்மா. ஐம்பது வயதிருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையில் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கழுத்தில் கட்டி என்று வந்தவருக்கு எங்கள் ஆட்கள் ஊசி வைத்து மாதிரி எடுத்து, சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் மெயிலில் வர வேண்டும். அதைக் கேட்டு அவர் வருவது இது மூன்றாவது தடவை.

கவுன்ட்டரில் இருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நம்ம சிஸ்டத்துல இல்லை. அவங்களைக் கேட்டா அன்னைக்கே அனுப்பிட்டோம்ங்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பாப்பா. கழுத்தைத் தடவிக்கிட்டே எத்தனை நாளு கெடக்கறது?”

“ஒரு அரை மணி நேரம் உக்காருங்கம்மா, பாக்கறேன்” என்றேன்.

வெளியூர் லேபிலிருந்து வரும் மெயில்களை வாங்குவது பெரம்பலூரில் இருந்த எங்கள் மெயில் சர்வர். அதோடு ஒரு சின்ன நிரலைப் பொருத்தியிருந்தார்கள், பிளகின் என்பார்கள். மெயில் வந்ததும் சர்வர் அதை அந்தப் பிளகினிடம் கொடுக்கும். பிளகின் ரிப்போர்ட்டைப் பிரித்து, நோயாளிகளின் பதிவேடு இருக்கும் இன்னொரு கணினிக்குத் தள்ளிவிடும். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தது வெளியூர்க் கம்பெனி ஒன்று. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை.

கவுன்ட்டர் கணினியிலிருந்தே சர்வருக்குள் போய், அது தினமும் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்தேன். தேதியைப் பிடித்துத் தேடினால் அந்த அம்மாவின் மெயில் இருந்தது. முதல் வரி, மெயில் வருகிறது. இரண்டாவது வரி, ‘வந்து சேர்ந்தது’ என்று நம் சர்வர் சென்னைக்குப் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவது வரி, பதிவேட்டுக் கணினி பதில் தரவில்லை. அதோடு சரி. மறுபடி முயன்றதாகவோ சேமித்ததாகவோ நான்காவது வரி இல்லை.

‘வந்து சேர்ந்தது’ என்று நாம் சொன்னதும் அனுப்பியவர்களின் சர்வர் தன் வேலை முடிந்ததென்று அந்த மெயிலை மறந்துவிடும். திரும்ப அனுப்பாது. நம்மிடம் ஒரு நகலும் கிடையாது. மெயிலைத் தொலைத்தது சென்னைக்காரர்கள் இல்லை, லைனும் இல்லை. நாங்கள்தான். மேலும் தேடினேன். அந்த மாதத்தில் மட்டும் இதேபோல் இன்னும் பத்து மெயில்கள்.

சென்னைக்குப் போன் செய்து மறுபடி அனுப்பச் சொன்னோம். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. பெரம்பலூரிலிருந்த டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். நிலையத்தை நடத்துபவர் அவர்தான். பார்த்துவிட்டு அவரே போனில் அந்த அம்மாவிடம் பேசினார். கழுத்தில் இருப்பது காசநோய்க் கட்டி, புற்று இல்லை, அரசு ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை தருவார்கள், விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார். அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்ததும், சரிசெய்த பிரிண்டரில் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுத்தேன்.

“எங்க தப்புதாம்மா. அன்னைக்கே வந்திருச்சு. நாங்கதான் தொலைச்சுட்டோம்” என்றேன். அக்கா என்னை முறைத்தார். இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது அந்தப் பார்வை.

அந்த அம்மா எழுந்தார். “பத்து நாளா கஞ்சிகூட எறங்கல. இனிமே வர்றவங்களோடதையாவது தொலைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மற்ற பத்துப் பேருடையதையும் அன்றைக்கே கேட்டு வாங்கி, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டோம். பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பும்போது முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பிளகினை அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரரிடம் போனில் பேசினேன். “லைன் ப்ராப்ளமா இருக்கும் மேடம்” என்றார். குறிப்பில் இருந்த வரிகளைப் படித்துக் காட்டினேன். “அப்படித்தான் மேடம் டிசைன்” என்றார்.

அந்தப் பதிலில்தான் நான் முடிவு செய்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், அந்தப் பிளகினை நானே புதிதாக எழுதுகிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீ புரோகிராம் எழுதியிருக்கியா?”

“காலேஜ்ல எழுதினதுதான் மேடம்.”

“உன்னால முடியுமா?”

“இப்பவே முடியும்னு சொல்லலை. எழுதி, ஓட்டி, கரன்ட்டைப் புடுங்கிப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பழசு ஓடட்டும். தினமும் குறிப்பைப் பாத்து, விட்டுப்போனதை நானே கேட்டு வாங்கறேன்.”

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

செய்ய வேண்டியது என்னவென்பது எனக்குத் தெளிவாக இருந்தது. மெயில் வந்ததும் முதலில் அதை முழுதாக ஹார்ட் டிஸ்கில் எழுதி வரிசையில் வைக்க வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்ல வேண்டும். எழுத முடியாவிட்டால் ‘இப்போது முடியாது, பிறகு அனுப்பு’ என்று சொன்னால் போதும். அனுப்பியவர் வைத்திருந்து மறுபடி அனுப்புவார். வரிசையில் இருப்பதைப் பதிவேட்டுக் கணினி எப்போது தயாராகிறதோ அப்போது ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளலாம். சொல்வதற்கு எளிது. சர்வரின் கையேட்டை ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரியாத வரியைக் கையால் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். முதலில் எழுதியது ஓடவே இல்லை. இரண்டாவது ஓடியது, ஆனால் இணைப்புக் கோப்பில்லாமல் மெயிலை மட்டும் சேமித்தது. மூன்றாவதில்தான் ரிப்போர்ட் முழுதாக வந்தது.

ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கணினியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அரியலூர் அக்காவுக்கு மதியத்தில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் அவர் தன் போனிலிருந்து மெயில் மெயிலாக அனுப்புவார். நடுவில் நான் பிளக்கைப் பிடுங்குவேன். மறுபடி ஓட்டிவிட்டு எண்ணிப் பார்ப்போம்.

“இருபது அனுப்பினேன். எத்தனை இருக்கு?”

“பதினாறு இருக்குக்கா. நாலுக்கு நாம ‘வந்து சேர்ந்தது’ன்னு சொல்லலை, அனுப்பின சர்வரே மறுபடி அனுப்பும். தானா வரும்.”

வந்தது. ஐந்து தடவை எல்லாம் சரியாக இருந்தது. ஆறாவது தடவை ஒன்று குறைந்தது. கோப்பு இருந்தது, உள்ளே வெறுமை. எங்கள் சர்வரோ அதற்கு ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லியிருந்தது. பழைய பிளகின் செய்த அதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

இரண்டு நாள் தேடி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். எழுதிவிட்டதாகக் கணினி சொன்னாலும், உண்மையில் கொஞ்ச நேரம் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அந்த நேரத்தில் கரன்ட் போனால் போனதுதான். டிஸ்கில் இறக்கிவிட்டாயா என்று தனியாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். ஒன்பது நாள் நன்றாக ஓடியது. பத்தாவது நாள் காலையில் அக்காவிடமிருந்து போன்.

“காலைலேருந்து ஒரு ரிப்போர்ட்டும் வரல. கவுன்ட்டர்ல ஆளுங்க சத்தம் போடறாங்க.”

வரிசையைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று மெயில்கள் நின்றுகொண்டிருந்தன. முதலில் நின்றதில் இணைப்புக் கோப்பு பாதியில் உடைந்திருந்தது. பதிவேடு அதை ஏற்க மறுக்க, என் பிளகின் விடாமல் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவை நகரவே இல்லை. ஒரு ரிப்போர்ட் கெட்டுப்போய் வரக்கூடும் என்று நான் யோசிக்கவேயில்லை.

டாக்டரம்மா என் மேஜைக்கே வந்துவிட்டார். “போதும்மா. பழசையே போட்டுடு.”

நான் எழுந்து நின்றேன். “பழசா இருந்தா அந்த உடைஞ்ச ஒன்னு சத்தமில்லாம போயிருக்கும் மேடம். நமக்குத் தெரிஞ்சே இருக்காது. இப்ப அம்பத்து மூணும் இங்கதான் இருக்கு. ஒன்னுகூடப் போகலை. ஒரு மணி நேரம் கொடுங்க.”

“ஒரு மணி நேரத்துல முடியலைன்னா?”

“நானே பழசைப் போட்டுட்டு, ஒவ்வொன்னையும் கையால ஏத்தித் தரேன்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். உடைந்த மெயிலைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தினேன். மற்றவை மளமளவென்று ஏறின. பிறகு உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். மூன்று தடவை ஏறாவிட்டால் அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒதுக்கியதும் என் போனுக்குச் செய்தி வர வேண்டும். முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. உடைந்த ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பச் சொல்லிச் சென்னைக்குப் பேசினேன். தா.பழூரிலிருந்து வந்து காத்திருந்த ஒருவருடையது அது. மதியத்துக்குள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்துப் பதிவேட்டுக் கணினியின் டிஸ்கை மாற்ற வேண்டி வந்தது. முன்பென்றால் நிலையத்தை மூடும் நாளுக்காகக் காத்திருந்திருப்போம். நான் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, டாக்டரம்மா பக்கத்தில் நிற்கும்போதே அதை அணைத்தேன்.

“மெயில் வந்துக்கிட்டு இருக்குமே?”

“வரட்டும் மேடம். வரிசைல நிக்கும். அவசரமானதை நான் திறந்து பிரிண்ட் எடுத்துத் தரேன்.”

மூன்று மணிக்குப் புது டிஸ்கோடு கணினி எழுந்தது. வரிசையில் எழுபத்து நான்கு. சென்னை லேபிடம் அன்று அவர்கள் அனுப்பியதன் பட்டியலை வாங்கி அச்செடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்று ஏறும்போதும் டாக்டரம்மா எண்ணைப் படிக்க, நான் பேனாவால் டிக் போட்டேன். கடைசி எண்ணையும் அவர் படித்து முடித்தபோது பட்டியலில் டிக் இல்லாத வரி எதுவும் இல்லை.